ஒரே மட்டையில் பல அடிகள்

கோல்ஃப் ஆடுபவர் தம் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். ஒன்று கூடினாலும் தண்டனை உண்டு. குறைந்தால் எதுவும் இல்லை. ஒற்றை மட்டையோடு 18 குழிகளையும் ஆடி முடிக்க விதி முழு அனுமதி தருகிறது. 2001-இல் இங்கிலாந்தின் ராயல் லித்தம் மைதானத்தில் நடந்த ஓபன் போட்டியின் கடைசி நாளில், வேல்ஸ் நாட்டு இயன் வூஸ்னம் முதல் குழியிலேயே ஓர் அடி மிச்சம் பிடித்தார். அடுத்த குழிக்குப் போனபோதுதான் பையில் 15 மட்டைகள் இருப்பது தெரிந்தது. இரண்டு அடிகள் அபராதமாகச் சேர்ந்தன.

கோல்ஃபின் நீண்ட வரலாற்றில் இந்த வரம்பு பிற்காலத்தில் வந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939-இலும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எஃகுத் தண்டு வருவதற்கு முன்பு மட்டைகளின் தண்டு ஹிக்கரி என்ற மரத்தால் ஆனது. ஒரு தண்டைப் போல இன்னொன்று இராது; வேகமாக வீசினால் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆட்டக்காரர்கள் கைக்குப் பழகிய சில மட்டைகளையே நம்பினார்கள். தூரம் மாறும்போது மட்டையை மாற்றாமல் வீச்சை மாற்றினார்கள்: முழு வீச்சு, முக்கால் வீச்சு, அரை வீச்சு. 1916-இல் யு.எஸ். ஓபன் பட்டத்தை வென்ற சிக் எவன்ஸ் பையில் ஏழே மட்டைகள் இருந்தன. நான்கு சுற்றுகளையும் சேர்த்து அவர் எடுத்த 286 அடிகளை முறியடிக்க மற்றவர்களுக்கு 20 ஆண்டுகள் ஆயின.

எஃகுத் தண்டு வந்ததும் நிலைமை தலைகீழானது. ஒரே மாதிரியான தண்டுகளை ஆலையில் செய்து, எண் போட்டு, தொகுப்பாக விற்க முடிந்தது. அரை வீச்சில் அடிக்க வேண்டிய தூரத்துக்கும் தனியாக ஒரு மட்டை கிடைத்தது. 1934, 1935 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க, பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டங்களை வென்ற லாசன் லிட்டில் முப்பது மட்டைகள் வரை கொண்டுபோனார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. திறமை இருக்க வேண்டிய இடத்தைக் கருவி பிடித்துக்கொள்கிறது என்ற கவலையே வரம்புக்கு வழிவகுத்தது. அந்தக் கவலை நியாயமானது. போட்டியில் 14 மட்டை வைத்திருப்பவர்கூடப் பயிற்சியில் மூன்றோ நான்கோ, சில நாள் ஒன்றோ வைத்துப் பழகினால் ஆட்டம் தேறும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் பின்னணியும் அதுவே. இந்த யோசனை எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை இயற்பியலும் உடலியக்க அறிவியலும் சேர்ந்தே விளக்க முடியும்.

மட்டையின் பங்கும் உடலின் பங்கும்

கோல்ஃப் மட்டைகள் ஒன்றுக்கொன்று முக்கியமாக இரண்டு வகையில் வேறுபடுகின்றன. ஒன்று முகத்தின் சாய்வு, மற்றது தண்டின் நீளம். நெடுந்தூர அடிக்கான டிரைவரின் முகம் நேர்க்குத்திலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருக்கும். அயர்ன் என்னும் இரும்பு மட்டைகளில் 3-ஆம் எண் 20 பாகையை ஒட்டி, 7-ஆம் எண் அயர்ன் 30 முதல் 34 பாகை, மணற்குழியில் பயன்படும் சாண்ட் வெட்ஜ் 55 பாகையை ஒட்டி. நீளமோ டிரைவரில் 45 அங்குலம், 7-அயர்னில் 37, வெட்ஜில் 35 என்று இறங்கிவரும். நீளம் குறையக் குறைய வீச்சின் வேகம் குறைகிறது. சாய்வு கூடக் கூடப் பந்து உயரமாக எழும்பி, பின்சுழற்சி பெற்று, குறைந்த தூரத்தில் விழுகிறது. ஓரளவு பழகிய ஆட்டக்காரருக்கு அடுத்தடுத்த எண் மட்டைகளுக்கு இடையே 10 முதல் 12 கஜம் வித்தியாசம் வரும்.

பின்சுழற்சியின் மதிப்பை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். 1890களில் அவர் செய்த ஆய்வுகள், பின்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று மேல்நோக்கித் தாங்குகிறது என்பதை நிறுவின. இன்றைய அளவீட்டில் தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில் பந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,600 சுற்றும், 7-அயர்ன் அடியில் 7,000 சுற்றும் சுழல்கிறது.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் முகம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, பந்தை முகத்தின் எந்த இடத்தில் தொடுகிறது என்பவையே பந்தின் விதியை முடிவு செய்கின்றன. மட்டையின் அடியில் பொறித்த எண்ணைப் பந்து அறியாது. 34 பாகை சாய்வுள்ள 7-அயர்னைப் பிடித்தவர், பந்தைச் சற்று வலது கால் பக்கமாக வைத்து, தொடும்போது கைகளை முன்னே தள்ளி, தண்டை 6 பாகை முன்சாய்த்தால் பந்தைச் சந்திக்கும் சாய்வு 28 பாகையாகிவிடும். ஏறத்தாழ 5-அயர்னின் சாய்வு அது. பந்து தாழ்வாகப் பறந்து, விழுந்த பிறகு நெடுந்தூரம் உருளும். அதே மட்டையின் முகத்தைத் திறந்து, பந்தை இடது கால் பக்கம் வைத்தால் சாய்வு கூடிப் பந்து உயரும். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் 37 அங்குல மட்டை 36 அங்குலமாகிறது. முனையின் வேகம் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். 140 கஜம் போகும் அடி 136 கஜத்தில் நிற்கும்.

ஆக, 14 மட்டைகள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஒரே மட்டையும், பந்து வைக்கும் இடம், பிடி, கைகளின் நிலை, வீச்சின் நீளம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்துவிடலாம். முழுப் பை வைத்திருப்பவர் 136 கஜத்துக்கு எந்த மட்டை என்று தேடுகிறார். ஒரு மட்டை வைத்திருப்பவர் 136 கஜத்துக்கு என்ன வீச்சு என்று தேடுகிறார். முதல் கேள்விக்கு விடை பையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை உடலில் இருக்கிறது, அதை அடித்து அடித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடற்கரையில் ஒரு 3-அயர்ன்

இதற்கு உலகம் அறிந்த சான்று ஸ்பெயினின் செவே பாலெஸ்டெரோஸ். வடக்குக் கடலோரக் கிராமமான பெத்ரெஞாவில் 1957-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்தது அண்ணன் கொடுத்த ஒரே ஒரு 3-அயர்ன். மைதானத்தில் நினைத்தபோது ஆட அனுமதி இல்லாததால் கடற்கரை மணலிலேயே அதிகம் ஆடினார். 3-அயர்ன் நெடுந்தூரத்துக்கானது, சாய்வு குறைவு. அதை வைத்து மணலிலிருந்து பந்தை மெதுவாகத் தூக்கிப்போட வேண்டுமானால் முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு அடியில் மட்டையை நழுவவிட வேண்டும். அந்தச் சிறுவன் அதைத் தானே கண்டுபிடித்தான். பிற்காலத்தில் மூன்று பிரிட்டிஷ் ஓபன் பட்டங்களும் (1979, 1984, 1988) இரண்டு மாஸ்டர்ஸ் பட்டங்களும் (1980, 1983) வென்ற அவரிடம் உலகம் வியந்தது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து பந்தை மீட்டெடுக்கும் கைத்திறனை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை மட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். கடற்கரையை விட்டுவிடுகிறார்கள். அலை வந்துபோன ஈர மணல் கெட்டியாக இருக்கும், சற்று மேலே உலர்ந்த மணல் பொலபொலவென்று இருக்கும், கடல் காற்று நேரத்துக்கு நேரம் திசை மாறும். மட்டை மாறவில்லை, மற்ற எல்லாம் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. பயிற்சியின் சாரம் இந்தச் சேர்க்கையில் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மனின் இளமைக்கும் இது பொருந்தும். பௌரல் ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் பீடத்தில் ஒரு கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகினார். வளைந்த பீடத்தில் பட்டுப் பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உடல் கற்றுக்கொள்வது எதை?

சோவியத் உடலியங்கியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தில், கைதேர்ந்த தொழிலாளிகள் சம்மட்டி அடிப்பதைத் தொடர்படமாகப் பிடித்து ஆராய்ந்தார். ஒவ்வோர் அடியிலும் சம்மட்டியின் முனை ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை ஒவ்வொரு தடவையும் சற்று வேறுவிதமாக அசைந்தன. ஒரு மூட்டில் வந்த பிசகை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. அச்சுப்போல ஒரே அசைவைத் திருப்பிச் செய்வது திறமை என்ற எண்ணத்தை அந்தப் படங்கள் உடைத்தன. கைதேர்ந்தவர் திரும்பத் திரும்பச் செய்வது அசைவை அல்ல, பிரச்சினையைத் தீர்ப்பதை.

1975-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். எறிதல், அடித்தல் போன்ற ஒரு வகைச் செயலுக்கு மூளை ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிக் கட்டளையைச் சேமித்து வைப்பதில்லை. தொடக்க நிலை, செலுத்திய விசை, கிடைத்த விளைவு, உடலில் உண்டான உணர்வு ஆகியவற்றுக்கு இடையிலான உறவை ஒரு விதியாகக் கட்டிக்கொள்கிறது என்றார். அப்படியானால் பல தூரங்களில் பழகியவரின் விதி வலுவாக இருக்க வேண்டும். ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. எட்டு வயதுக் குழந்தைகளில் ஒரு குழுவினர் 3 அடி தூரத்து இலக்கில் மட்டும் மணிப்பையை எறிந்து பழகினார்கள். இன்னொரு குழுவினர் 2 அடியிலும் 4 அடியிலும் எறிந்தார்கள். 3 அடியில் எறியவே இல்லை. வாரங்கள் கழித்து இரு குழுவையும் 3 அடியில் எறியச் சொன்னபோது, அந்தத் தூரத்தில் ஒருபோதும் பழகாத குழந்தைகளே கூடுதல் துல்லியமாக எறிந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜான் ஷியா, ராபின் மார்கன் இருவரும் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள். மூன்று விதக் கை அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சி நேரத்தில் வேகமாகத் தேறினார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முன்னால் நின்றார்கள். 1994-இல் கல்லூரிப் பேஸ்பால் வீரர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஆறு வாரம் கூடுதல் பயிற்சி எடுத்தவர்களில், மூன்று வகைப் பந்துவீச்சையும் கலந்து எதிர்கொண்டவர்கள் 57 சதவீதம் முன்னேறினார்கள். வகைக்கு 15 பந்து என்று வரிசையாக எதிர்கொண்டவர்கள் 25 சதவீதம். கூடுதல் பயிற்சி எடுக்காதவர்கள் 6 சதவீதம். கலந்து பழகும்போது ஒவ்வோர் அடிக்கும் முன்பு திட்டத்தைப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமமே நினைவில் ஊன்றுகிறது. உளவியலாளர் ராபர்ட் பியோர்க் இதை விரும்பத்தக்க சிரமம் என்று அழைத்தார்.

இந்த ஆய்வுகளைக் கோல்ஃபுக்குப் பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்துகளைக் கொட்டி, ஒரே 7-அயர்னால், ஒரே இலக்கை நோக்கி நூறு அடி அடிப்பதும் ஒரு மட்டைப் பயிற்சிதான். ஆனால் அதில் பழகுவது ஒரே ஒரு தூரம். முப்பதாவது அடிக்குப் பிறகு மனம் எதையும் முடிவு செய்வதில்லை. மட்டையைக் குறைத்ததால் மட்டும் பயன் வராது; இலக்கும் தரையும் ஒவ்வோர் அடிக்கும் மாற வேண்டும். பல மட்டைகளை வைத்துக்கொண்டும் கலந்து பழகலாம். ஆனால் அப்போது தூரத்தை மட்டையே சரிக்கட்டிவிடுகிறது, வீச்சு எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்துவிடுகிறது. மட்டை குறையும்போது வீச்சு மாறியே தீர வேண்டும். குறைந்த மட்டைப் பயிற்சியின் தனிச்சிறப்பு அங்கேதான்.

கேடிகளின் பள்ளி

இந்தியாவில் வறுமையே இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தது. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கியது; பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. தமிழ்நாட்டில் கிண்டி, ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று வெள்ளையர் தங்கிய இடங்களில் மைதானங்கள் எழுந்தன. ஆடியவர்கள் உறுப்பினர்கள். பையைச் சுமந்த கேடிகள் பக்கத்துக் குடியிருப்புகளின் சிறுவர்கள். அவர்கள் கையில் கிடைத்தது கழித்துப்போட்ட ஒரு மட்டை, புதரில் பொறுக்கிய பந்து.

எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரிப்பவர். மைதானத்தை ஒட்டியே வளர்ந்து, முறையான பயிற்சியாளர் இல்லாமல், பிறரிடம் வாங்கிய மட்டைகளோடு பழகியவர் அவர். 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பிய டூர் பட்டத்தை வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் இந்தியன் ஓபனையும் வென்றார். அவருடைய பலம் தூரமாக அடிப்பதில் இல்லை, குழியைச் சுற்றி ஆடும் சிறு அடிகளில் இருந்தது. 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியிலும், 2009-இல் வென்ற சி. முனியப்பா பெங்களூரிலும் கேடிகளாக இருந்தவர்கள். மும்பை செம்பூரில் கேடி இளைஞர்கள் இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தை வைத்துக் குடியிருப்புச் சந்துகளில் ஆடுவது இன்றும் பேசப்படுகிறது. சுவர், சாக்கடை, படிக்கட்டு எல்லாம் அவர்கள் ஆட்டத்தில் உண்டு. இவர்கள் எல்லோரையும் உருவாக்கியது பற்றாக்குறைதான் என்று சொல்லிவிடக் கூடாது. வசதி இல்லாததால் வெளியே வர முடியாமல் போன திறமைசாலிகளின் கணக்கை யாரும் எடுக்கவில்லை. பற்றாக்குறை கற்றுத்தந்த கைத்திறனை, வசதி வந்தபிறகும் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டா என்பதே பயிற்சி அறிவியலின் கேள்வி.

அரியலூரில் ஒரு ஸ்டிக்

தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளி மைதானங்களில் கோலும் பந்தும் என்றால் கிரிக்கெட்டோடு ஹாக்கியும் உண்டு. ஒரே கருவியில் எத்தனை அடி எடுக்க முடியும் என்பதற்கு ஹாக்கியை விஞ்சிய ஆட்டம் இல்லை. கோல்ஃபில் ஒரு மட்டை என்பது ஒருவர் தமக்குத்தாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. ஹாக்கியில் அதுதான் விதி. ஸ்டிக்கின் இடப்பக்கம் மட்டுமே தட்டையானது. உருண்ட வலப்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இடக்கைக்காரருக்கென்று தனி ஸ்டிக்கும் கிடையாது, கோல்ஃபில் உண்டு. அதிகபட்ச எடை 737 கிராம், நீளம் 105 சென்டிமீட்டர். பந்தின் எடை 156 முதல் 163 கிராம், அதாவது கோல்ஃப் பந்தைப் போல மூன்றரை மடங்கு.

இந்த ஒரு ஸ்டிக்கால் ஓங்கி அடிக்கலாம், பந்தோடு ஒட்டித் தள்ளலாம், தரையை உரசி வீசலாம், பந்துக்கு அடியில் கொடுத்து எதிரணியின் தலைக்கு மேலே தூக்கலாம், பெனால்டி கார்னரில் இழுத்துச் சுழற்றி எறியலாம், வரும் பந்தை இலேசாகத் தொட்டுத் திசைதிருப்பலாம். இயற்பியலில் இவை வெவ்வேறு செயல்கள். ஓங்கி அடிக்கும்போது தொடுகை ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குதான். வேகம் மோதலிலிருந்து வருகிறது. இழுத்து எறியும்போது பந்து ஸ்டிக்கோடு ஒட்டியபடி ஒரு மீட்டருக்கும் மேல் பயணம் செய்கிறது; கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு வரிசையாகச் சேர்ந்து வேகத்தைக் கூட்டுகின்றன. பந்தைத் தூக்கும்போது முகத்தைப் பின்னால் சாய்த்து, கோல்ஃபில் வெட்ஜ் செய்யும் வேலையை மணிக்கட்டால் செய்ய வேண்டும்.

தட்டையான பக்கம் ஒன்றே என்ற கட்டுப்பாட்டிலிருந்து ஒரு கலையே பிறந்தது. பந்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் கொண்டுபோக, ஸ்டிக்கைப் பந்துக்கு மேலாகப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் இதை இந்தியன் டிரிபிள் என்றே சொல்லித்தருகிறார்கள். இரு பக்கமும் தட்டையாக இருந்திருந்தால் இதற்குத் தேவையே வந்திருக்காது.

அரியலூரைச் சேர்ந்த எஸ். கார்த்தி, கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் ஹாக்கி விடுதியில் பயின்று இந்திய அணிக்குள் வந்த முன்கள வீரர். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே இந்தியாவின் கோலை அடித்தார். இந்தியா அந்தத் தொடரில் வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில், மலேசியாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தின் முதல் கோலும் அவருடையது. கோல் அடிக்கும் வளையத்துக்குள் முன்கள வீரருக்கு ஸ்டிக்கை ஓங்கக்கூட இடம் கிடைக்காது. பந்து எந்த உயரத்தில், எந்த வேகத்தில் வருகிறதோ அதற்கேற்ற தொடுகையை அந்த நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் வழியே இல்லாத ஆட்டத்தில் முழுச் சுமையும் வீரரின் கைமேல் விழுகிறது.

இன்னும் பின்னால் போனால் கிட்டிப்புள். முழங்கை நீளக் கிட்டி ஒன்று, இருபுறமும் கூர்சீவிய புள் ஒன்று. தரையில் கீறிய குழியின்மேல் புள்ளைக் குறுக்கே வைத்துக் கிட்டியால் நெம்பித் தூக்கி எறிவது ஒரு வேலை. புள்ளின் கூர்முனையைத் தட்டி எழுப்பி, அது காற்றில் சுழலும்போதே ஓங்கி அடிப்பது இன்னொரு வேலை. விழுந்த தூரத்தை அளப்பதும் அதே கிட்டியால்தான். முனையில் கொடுக்கும் தட்டு மெதுவானால் புள் எழும்பாது, பலமானால் எட்டாத இடத்துக்குத் தெறிக்கும். கெட்டித் தரையில் ஓர் அளவு, புழுதியில் வேறோர் அளவு. பெர்ன்ஸ்டைன் சம்மட்டியில் கண்டதை எந்தக் கிராமத்துச் சிறுவனும் கிட்டியில் செய்துகாட்டுவான்.

தரையும் திட்டமும்

குறைந்த மட்டையோடு கோல்ஃப் பழகப் பச்சைப் புல்வெளி கட்டாயம் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் எடுத்தபின் கிடக்கும் கரிசல் நிலம், அரியலூரின் சுண்ணாம்புக்கல் கலந்த மேட்டு நிலம், பள்ளி மைதானத்தின் செம்மண் எல்லாமே வெவ்வேறு பாடம் சொல்லும். கெட்டித் தரை மன்னிக்காது. புல்லில் பந்துக்குச் சற்றுப் பின்னால் மட்டை பட்டாலும் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். காய்ந்த கரிசலில் மட்டை துள்ளிப் பந்தின் நடுவயிற்றில் இடிக்கும். அதனால் அடிப்பாகம் தடித்த சாண்ட் வெட்ஜ் அங்கே உதவாது. 1932-இல் கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் அந்தத் தடித்த அடிப்பாகத்தைப் பொருத்தியது மணலில் புதையாமல் இருப்பதற்காக. கெட்டித் தரைக்கு 7 அல்லது 8-ஆம் எண் அயர்ன் ஏற்றது. மணிக்கட்டுக்கு அதிர்ச்சி குறையத் தேங்காய்நார்ப் பாய் ஒன்றின்மேல் பந்தை வைத்து அடிக்கலாம்.

பாதுகாப்பை அலட்சியம் செய்யக் கூடாது. 46 கிராம்கூட இல்லாத கோல்ஃப் பந்து, சாதாரண ஆட்டக்காரரின் 7-அயர்ன் அடியிலேயே மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். ஆளோ ஆடுமாடோ நடமாடும் இடத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தோ நுரைப்பந்தோதான் பொருத்தம். அவை கொஞ்ச தூரமே போகும், ஆனால் உயரத்தையும் திசையையும் காட்டிவிடும்.

ஒரு மட்டையோடு தொடங்குபவர் முதலில் அந்த மட்டையின் அளவுகளைக் கண்டறிய வேண்டும். இடுப்பு உயர வீச்சு, தோள் உயர வீச்சு, முழு வீச்சு மூன்றிலும் பந்து விழும் இடத்தைக் காலடியால் அளந்து எழுதிவைத்தால் மூன்று தூரங்கள் கிடைக்கும். பிடியை இறக்கிப் பிடித்து மூன்றையும் திருப்பினால் ஆறு. அதன்பிறகு வரிசையைக் கலைத்துவிட வேண்டும். வரப்பு, மரம், கல் என்று இலக்குகளைக் குறித்துக்கொண்டு, ஓர் இலக்கை ஒருமுறைக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒவ்வோர் அடிக்கும் முன்பு எவ்வளவு உயரம், எவ்வளவு உருளல் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடிப்பது நல்ல முறை. ஒரே இலக்கை ஒருமுறை தாழ்வாகவும் ஒருமுறை உயரமாகவும் எட்ட முயல்வது இந்தப் பயிற்சியிலேயே மிக வளமான பகுதி. சாய்வைக் கையால் மாற்றுவது அப்போதுதான் பிடிபடும்.

மைதானத்தில் ஆட வாய்ப்புள்ளவர்களுக்கு ஏழு மட்டை அரைத்தொகுப்பு பழைய, நம்பத்தக்க வழி: நீண்ட தூரத்துக்கு ஒரு மரமட்டை, ஓர் இடைநிலை மட்டை, 5, 7, 9-ஆம் எண் அயர்ன்கள், ஒரு வெட்ஜ், உருட்டுவதற்கு ஒரு பட்டர். மட்டைகளுக்கு இடையே 20 கஜத்துக்கு மேல் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வரும் ஒவ்வோர் அடியும் ஒரு கணக்கு. பையின் சுமை பாதியாகக் குறைவது நடந்து ஆடுபவர்களுக்குக் கூடுதல் லாபம்.

எல்லைகள்

சில வேலைகளில் மட்டையின் பங்கைக் கைத்திறன் முழுமையாக ஈடுகட்டாது. 7-அயர்னால் 20 கஜம் உயரத் தூக்கிப்போட்டு, விழுந்த இடத்திலேயே பந்தை நிறுத்துவது எளிதல்ல. அதற்கான சாய்வும் சுழற்சியும் வெட்ஜுக்கே உரியவை. குழியருகே பந்தை உருட்டப் பட்டரின் முகம் மூன்று நான்கு பாகைதான் சாய்ந்திருக்கும். 30 பாகை சாய்ந்த மட்டையால் உருட்டினால் பந்து துள்ளித்தான் ஓடத் தொடங்கும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, முன்னணி ஆட்டக்காரர்களின் மேன்மையில் சுமார் 40 சதவீதம் குழித்தரையை நோக்கி அடிக்கும் அடிகளிலும், 28 சதவீதம் முதல் நெடுந்தூர அடியிலும், 17 சதவீதம் குழியைச் சுற்றிய சிறு அடிகளிலும், 15 சதவீதம் உருட்டுவதிலும் இருப்பதாகக் கணக்கிட்டார். குறைந்த மட்டைப் பயிற்சி முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நேரடியாக உதவும். முதல் நெடுந்தூர அடி வீச்சின் வேகத்தைச் சார்ந்தது; அதற்கு டிரைவரையே எடுத்துப் பழக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் நிலை வேறு. மட்டையைப் பிடிக்கவும் பந்தைத் தொடவும் தெரியாதவருக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதிலிருந்து பிழை வந்தது என்றே தெரியாது. மார்க் குவாடக்னோலி, திமோதி லீ இருவரும் 2004-இல் முன்வைத்த கருத்துப்படி, சிரமம் கற்பவரின் தரத்துக்குத் தக்கபடி கூட வேண்டும். அதே ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, கலந்து பழகுவதன் பயன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த அளவுக்கு விளையாட்டு மைதானத்தில் பெரிதாக இல்லை என்று காட்டியது. ஒரு மட்டையை எடுத்தவுடன் யாரும் பாலெஸ்டெரோஸ் ஆகிவிடுவதில்லை. முதல் சில வாரங்கள் ஒரே தூரம், ஒரே வீச்சு என்று தொடுகையைச் சீராக்கிக்கொண்டு, பத்தில் ஏழு பந்தாவது சுத்தமாகப் படத் தொடங்கிய பிறகு இலக்குகளைக் கலைக்கலாம்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் கவனம் தேவை. பயிற்சி முடியும் தறுவாயில் அடித்த அடிகளை வைத்துத் தேர்ச்சியை மதிப்பிட்டால், ஒரே இலக்கை அடித்துக்கொண்டிருந்தவரே சிறந்தவராகத் தெரிவார். ஷியாவும் மார்கனும் கண்ட மாயை அது. இரண்டு மூன்று நாள் மட்டையைத் தொடாமல் இருந்துவிட்டு, முன்னோட்ட அடிகள் இல்லாமல், பழகாத ஐந்து தூரங்களில் தலா ஒரு பந்து அடித்து, ஒவ்வொன்றும் இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று குறித்துக்கொள்வது சரியான அளவுகோல். மாதம் ஒருமுறை இதைச் செய்து எண்களை ஒப்பிடலாம். எந்தத் தூரத்தில் பிழை குறையாமல் நிற்கிறதோ, அந்தத் தூரத்துக்கான மட்டையை முதலில் பைக்குள் திரும்ப வைக்க வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு, தேவைப்படும் வரிசையில்.